உங்க கைடு யாரு?

முதுகலைத் தேர்வு முடிவுகள் வந்ததும் எங்கள் கல்லூரியில் படித்துப் போன பிள்ளைகள் வரிசையாகக் கூப்பிடுவார்கள். "மேடம், பி.எச்.டி. பண்ணலாம்னு இருக்கேன். யார்கிட்ட சேரலாம்?" கையில் ஒரு பட்டியலும் தயாராக இருக்கும். இந்த சாருக்கு ஸ்கோபஸ் என்கிற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இத்தனை பேப்பர், அந்த மேடத்துக்கு ஹெச் இண்டெக்ஸ் (மற்றவர்கள் மேற்கோள் காட்டியதை வைத்துப் போடுகிற மதிப்பெண்) இவ்வளவு, இன்னொருவரிடம் புராஜெக்ட் ஓடுகிறது, அதனால் ஃபெலோஷிப் என்கிற உதவித்தொகை வரும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இன்று எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன். பதிவு நீளமானது. ஆனால் நாலைந்து வருட வாழ்க்கையை ஒருவர் கையில் ஒப்படைக்கப் போகிறீர்கள். பொறுமையாகப் படியுங்கள்.

பேப்பர் எண்ணிக்கையைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் ஆராய்ச்சி செய்கிறவரா என்பது அதில் தெரிந்துவிடும். உங்களை வளர்த்துவிடுவாரா என்பது தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள அவர் யாரிடம் படித்து வந்தவர், வேலைக்கு வெளியே எதில் மனசு வைத்திருக்கிறார் என்று விசாரியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவரிடம் படித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெரிய ஆராய்ச்சியாளர் என்றால் நல்ல கைடாக, அதாவது ஆய்வு வழிகாட்டியாகத்தான் இருப்பார் என்று நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். இருபது வருடமாக இந்தத் துறையில் இருந்து பார்த்துவிட்டேன், எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

ஃபாதர் ரசீனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? சார்லஸ் ரசீன், பிரான்சிலிருந்து வந்த இயேசு சபைப் பாதிரியார். 1934-இல் பாரீஸில் கணிதவியலாளர் எலீ கார்த்தானிடம் சார்பியல் கொள்கை பற்றி ஆய்வு செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். 1937-இல் இந்தியாவுக்கு வந்து திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் சேர்ந்தார். 1939-இல் சென்னை லயோலாவுக்கு மாறினார். ஆய்வுக் கட்டுரை எழுதிக் குவித்தவர் இல்லை. ஆனால் அவருடைய வகுப்பில் உட்கார்ந்து எழுந்து போனவர்களைப் பாருங்கள்: கே.ஜி. ராமநாதன், எம்.எஸ். நரசிம்மன், சி.எஸ். சேஷாத்ரி, ராகவன் நரசிம்மன், சி.பி. ராமானுஜம். இந்தப் பெயர்களை விட்டுவிட்டு சுதந்திர இந்தியாவின் கணித வரலாற்றை யாரும் எழுத முடியாது.

அவர் அப்படி என்ன செய்தார்? அன்றைக்குச் சென்னையில் கணிதம் என்றால் கேம்பிரிட்ஜ் வழிக் கணிதம். பிரசிடென்சி கல்லூரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டியின் மாணவரான கே. ஆனந்த ராவ் இருந்தார். அவரும் சாமானியமானவர் இல்லை, எஸ்.எஸ். பிள்ளை, மீனாட்சிசுந்தரம் என்று பெரிய பெரிய ஆட்களை உருவாக்கியவர். ஆனால் அதே காலத்தில் பாரீஸில் இயற்கணிதமும் இடவியலும் வடிவியலும் புதுப் பாதையில் போய்க்கொண்டிருந்தன. அந்தக் காற்று நம்முடைய பாடத்திட்டத்துக்குள் வரவில்லை. ரசீன் அந்த ஊரில் படித்தவர். அந்தப் பாதையைப் போட்டவர்களை நேரில் அறிந்தவர். தேர்வில் வராத இந்த விஷயங்களைப் பிள்ளைகளிடம் பேசினார், புதுப் புத்தகங்களைப் படிக்கச் சொன்னார். கைடு எங்கே படித்தவர் என்று நான் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். சர்டிபிகேட்டில் எந்தப் பல்கலைக்கழக முத்திரை இருக்கிறது என்பது எனக்குப் பொருட்டில்லை. அங்கிருந்து எதைச் சுமந்துகொண்டு வந்தார், அதை உங்களிடம் இறக்கி வைக்கிறாரா?

அடுத்து அவர் செய்ததைத்தான் நான் இன்னும் பெரிதாக நினைக்கிறேன். பிள்ளைகளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளவில்லை. ஆய்வு செய்ய வேண்டுமானால் பம்பாயில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்துக்குப் போங்கள் என்றார். அப்போது அது தொடங்கிச் சில வருடங்களே ஆன இடம். எம்.எஸ். நரசிம்மனும் சேஷாத்ரியும் 1953-இல் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். 1965-இல் அவர்கள் இருவரும் சேர்ந்து நிறுவிய தேற்றத்துக்கு இன்று உலகம் முழுக்க அவர்கள் பெயர்தான். எம்.எஸ். நரசிம்மனிடம் அடுத்து எம்.எஸ். ரகுநாதன், எஸ். ரமணன், விஜய் பட்டோடி படித்தார்கள். ஒரு வாத்தியார் தன் மாணவனைத் தன்னைவிடப் பெரிய இடத்துக்கு அனுப்பி வைத்ததன் பலன் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

அந்தப் பம்பாய் நிலையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து பெரிய கணிதவியலாளர்களை வரவழைத்துத் தொடர் சொற்பொழிவு நடத்தச் சொல்வார்கள். அதைக் குறிப்பெடுத்து நூலாக எழுதித் தருகிற பொறுப்பு அங்கே ஆய்வு செய்கிற இளைஞர்களுடையது. கேட்பதற்குச் சின்ன வேலையாகத் தெரியும். செய்து பாருங்கள், ஒரு வரி புரியாமல் அடுத்த வரிக்குப் போக முடியாது. சி.பி. ராமானுஜத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சேர்ந்த புதிதில் தனக்கு ஆராய்ச்சி வராது என்று மனம் உடைந்து, வெளியில் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வேலைகள் அமையவில்லை, அங்கேயே இருந்தார். அதே ஆள்தான் பிறகு ரஷ்யக் கணிதவியலாளர் ஷஃபரேவிச்சின் சொற்பொழிவுகளை எழுதினார். நிரூபணங்களில் இருந்த பிழைகளைத் திருத்தி, விட்டுப்போனதை நிரப்பிக் கொடுத்தார். ஷஃபரேவிச்சே அதை மனமார ஒப்புக்கொண்டார். கொடிய மனநோயோடு போராடி, 1974-இல், நாற்பது வயதுகூட ஆகாமல் ராமானுஜம் போய்விட்டார். "எனக்கு இது வராது" என்று நினைத்துக்கொண்டு லேபில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள். கைடுகள் தயவுசெய்து அவர்கள் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்.

இனி சர் சி.வி. ராமன். அவருடைய அறிவியலைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் கைடு என்கிற இடத்தில் வைத்துப் பார்க்கிற உரிமை எனக்கு உண்டு. ஜி.என். ராமச்சந்திரன் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின் பொறியியல் படிக்கப் போனவர். அவரை இயற்பியல் பக்கம் இழுத்துக்கொண்டது ராமன்தான். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவர் பதவிக்கு ராமச்சந்திரன் பெயரைச் சொன்னதும் அவர்தான். ராமச்சந்திரனுக்கு அப்போது வயது முப்பதை ஒட்டித்தான். இரண்டே வருடத்தில், 1954-இல், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பை வெளியிட்டார். 1963-இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய இருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் வந்த, புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்கலாம் என்று காட்டுகிற வரைபடம் இன்று உயிர்வேதியியல் படிக்கிற எல்லாப் பிள்ளைக்கும் பாடம். இவ்வளவும் நம் கிண்டியில் நடந்தது. ராமன் ஒரு ஆளை அடையாளம் கண்டதன் பலன்.

அந்த அறிவியல் கழகத்தில் ஆராய்ச்சி செய்ய, அப்போது அதன் இயக்குநராக இருந்த அதே ராமனிடம் 1933-இல் கமலா சோஹோனி விண்ணப்பித்தார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்றவர். பெண் என்பதால் இடம் இல்லை என்றார் ராமன். கமலா பிடிவாதமாக நின்றதால் சேர்த்துக்கொண்டார், அதுவும் நிபந்தனைகளோடு, ஒரு வருடம் சோதனை முறையில். அங்கே கமலாவுக்குக் கிடைத்த கைடு சீனிவாசய்யா. ரொம்பக் கண்டிப்பானவர், விடிகாலையிலிருந்து இரவுவரை வேலை வாங்கியவர். ஆனால் துறையின் முன்னோடிகள் எழுதியதைத் தேடிப் படிக்கவும் அவர்களுக்கே கடிதம் எழுதிக் கேட்கவும் பழக்கியவர். கமலா அங்கிருந்து கேம்பிரிட்ஜ் போய் 1939-இல் டாக்டர் பட்டம் பெற்றார். ராமனை உலகமே அறியும். சீனிவாசய்யா பெயரை எத்தனை பேர் அறிவோம்?

அன்னா மாணியின் கதை இன்னும் வலிக்கும். ராமனின் ஆய்வகத்தில் வைரம், மாணிக்கக் கற்களின் ஒளிர்வைப் பற்றி ஆராய்ந்து, தன் பெயரில் மட்டுமே ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945-இல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி நம் சென்னைப் பல்கலைக்கழகம் பி.எச்.டி. தர மறுத்துவிட்டது. ஐந்து கட்டுரைகளை விட ஒரு எம்.எஸ்சி. சான்றிதழ் பெரிதாகப் போய்விட்டது. பிறகு அவர் நாட்டின் வானிலைக் கருவிகளையே வடிவமைத்துத் தந்தார். கடைசி வரை அந்தப் பட்டம் வரவில்லை.

எனக்கு வாய்த்த கைடைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. தூத்துக்குடிப் பக்கம், வீட்டில் முதல் பட்டதாரி. கடல்பாசிகளில் ஆய்வு செய்தவர். நானும் அதில்தான் செய்தேன். என் மூன்றாவது அத்தியாயத்தைக் கொடுத்த அன்று அவர் உட்காரக்கூட இல்லை. அலமாரியிலிருந்து ஹெர்பேரியம் ஷீட் (உலர்த்திய பாசி மாதிரிகளை ஒட்டிவைத்த தாள்) கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினார். ஷீட்டின் மூலையில் இருக்கிற எண், சேகரித்த தேதி, கரையின் பெயர் எல்லாவற்றையும் என் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சரியாக இருந்த ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. சாயங்காலம் பிரித்துப் பார்த்தால் பக்கம் முழுக்கப் புள்ளி. ஒரு வார்த்தை பாராட்டு எழுதவில்லை. என் வேலையை ஒருவர் இவ்வளவு அக்கறையாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவருக்கு வில்லுப்பாட்டு என்றால் உயிர். கொடை என்கிற கோயில் திருவிழா நடக்கிற ஊர் ஊராகப் போய் விடிய விடிய உட்கார்ந்து கதையைக் குறித்துக்கொண்டு வருவார். புரியாத வழக்குச் சொல்லுக்குப் பொருள் கேட்டு வயதான புலவர்கள் முன்னால் கைகட்டி நிற்பார். லேபில் நாங்கள் எதற்கெடுத்தாலும் "சரி சார்" என்றால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "எனக்கு ஆமா போடாதீங்க. ஆமா போடுறதுக்கு வில்லுல தனியா ஆள் இருக்கு. நீங்க எதிர்த்துக் கேளுங்க" என்பார். வேலைக்கு வெளியே ஏதோ ஒன்றை மாணவனாக இருந்து கற்றுக்கொண்டே இருக்கிறவருக்கு, தெரியாமல் தடுமாறுவது எப்படி இருக்கும் என்பது மறக்காது என்று நினைக்கிறேன். முன்னால் சொன்ன கணிதவியலாளர் சேஷாத்ரி கர்நாடக சங்கீதம் நன்றாகப் பாடுவார். அவர் தொடங்கிய சென்னை கணிதவியல் கழகத்தில் ஆராய்ச்சியாளர்களே இளங்கலைப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார்கள். பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று நிரூபிக்க என்னால் முடியாது. எனக்கு இருப்பதாகப் படுகிறது.

சரி, இன்றைய நிலைமைக்கு வருவோம். கைடுக்கு மின்கட்டணம் கட்டப் போகிற ஸ்காலரை, அதாவது ஆய்வு மாணவரைப் பார்த்திருக்கிறேன். கைடின் விடைத்தாள் கட்டுகளைத் திருத்திக் கொடுக்கிற ஸ்காலரைப் பார்த்திருக்கிறேன். சினாப்சிஸில் (ஆய்வுச் சுருக்கத்தில்) ஒரு கையெழுத்துக்காக மாதக்கணக்கில் கதவருகே நிற்கிறவர்கள் உண்டு. வைவா என்கிற வாய்மொழித் தேர்வு என்றால் எக்ஸ்டர்னலுக்கு (வெளியிலிருந்து வருகிற தேர்வாளருக்கு) ரூம், கார், சால்வை, துறை முழுவதற்கும் சாப்பாடு, எல்லாம் ஸ்காலர் பாக்கெட்டிலிருந்து. ஜே.ஆர்.எஃப். என்கிற அரசு ஆய்வு உதவித்தொகை வாங்குகிற பிள்ளைக்கு மாதம் 37,000 ரூபாய் வரும், சமாளித்துவிடும். ஃபெலோஷிப் இல்லாத பிள்ளை கடன் வாங்குகிறது. இதையெல்லாம் "வழக்கம்" என்று சொல்லி நாமே பழக்கிவிட்டோம். இது வழக்கம் கிடையாது, சுரண்டல். பெண் பிள்ளைகளுக்கு இதற்கு மேலும் இருக்கிறது. கையெழுத்து ஒருவர் பேனாவில் இருக்கும்போது அவர்கள் யாரிடம் போய்ச் சொல்வார்கள்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிகளின்படி ஒரு பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை வழிகாட்டலாம். கைடு ஆவதற்கு முதல் இரண்டு நிலையினரிடம் குறைந்தது ஐந்து கட்டுரைகள், உதவிப் பேராசிரியரிடம் மூன்று கட்டுரைகள் கேட்கிறார்கள். ஒருவரை வளர்க்கத் தெரியுமா என்று கேட்கிற கட்டம் அந்தப் படிவத்தில் எங்கேயும் இல்லை. ஒவ்வொரு செமஸ்டரும் ஆலோசனைக் குழு முன்னால் ஸ்காலர் தன் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். நல்ல விதி. ஆனால் குழுவில் கைடும் உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னால் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? கைடை வெளியே அனுப்பிவிட்டு ஸ்காலரிடம் பத்து நிமிடம் தனியாகப் பேசுங்கள் என்று நான் உட்காருகிற குழுக்களில் கேட்டு வருகிறேன். சில இடத்தில் ஒப்புக்கொள்கிறார்கள்.

சேரப் போகிற பிள்ளைகளே, கைடைப் பார்ப்பதற்கு முன்னால் அவரிடம் படித்து முடித்தவர்களைப் போய்ப் பாருங்கள். முடிந்தால் பாதியில் விட்டுப் போனவர் ஒருவரையும் தேடிப் பிடியுங்கள். டிராஃப்ட் கொடுத்தால் எத்தனை நாளில் திரும்பி வரும், கட்டுரையில் முதல் பெயர் யாருடையது, வேறு லேபுக்குப் போய்ப் பழகிவர விடுவாரா, உடம்பு சரியில்லை என்றால் லீவு கேட்க பயமாக இருக்குமா என்று கேளுங்கள். பதில் சொல்வதற்கு முன் அவர்கள் எவ்வளவு யோசிக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

பல்கலைக்கழகங்களிடம் இரண்டு கோரிக்கை. வைவா செலவு முழுவதையும் நிர்வாகமே ஏற்க வேண்டும். ஸ்காலர் அன்று ஒரு காபிகூட வாங்கித் தரக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். இரண்டாவது, துறையின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு பேராசிரியர் பெயருக்குக் கீழேயும் பேப்பர் பட்டியலோடு இதையும் போடுங்கள்: அவரிடம் பதிவு செய்தவர்கள் எத்தனை பேர், முடித்தவர்கள் எத்தனை பேர், எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது என்ன செய்கிறார்கள், பாதியில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர். என் பெயருக்குக் கீழேயும் போடுங்கள்.