சேமிக்காததால் வந்த நெருக்கடியா அது?

ஞாயிற்றுக்கிழமை மும்பை மாட்டுங்கா கூட்டத்தில் அந்த முதலீட்டு ஆலோசகத் தம்பி 1997 ஆசிய நிதி நெருக்கடியைப் பற்றிப் பேசியதை இந்நேரம் பாதிப் பேர் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். "97-ல் தாய்லாந்தும் இந்தோனேஷியாவும் ஏன் விழுந்தன? வரவுக்கு மேல் செலவு. சேமிக்கும் பழக்கம் கிடையாது." கைதட்டல் வேறு. முன்வரிசையில் என் சித்தப்பாவே தட்டினார்.

சேமிக்கவில்லையாம்! அன்றைக்குத் தாய்லாந்தின் சேமிப்பு நாட்டு வருமானத்தில் 30 சதவீதத்துக்கும் மேல். நம்முடையதைவிட அதிகம். அரசு பட்ஜெட்டில்கூட 1996 வரை உபரிதான்.

கடன் வாங்கியது வங்கிகள், ஃபைனான்ஸ் கம்பெனிகள், பில்டர்கள். டாலருக்குச் சுமார் 25 பாட் (தாய்லாந்து நாணயம்) என்று அரசு பிடித்து வைத்திருந்தது. டாலர் கடனுக்கு வட்டியும் குறைவு. குறுகிய தவணைக்கு டாலர் வாங்கி, காசு திரும்ப வருஷக்கணக்காகும் அடுக்குமாடிகளில் கொட்டினார்கள். ஃப்ளாட் விற்கவில்லை, ஏற்றுமதி தேங்கியது, வெளிநாட்டுப் பணம் நடையைக் கட்டியது. பாட்டைத் தாங்கிப் பிடிக்க மத்திய வங்கி கையிருப்பைக் கரைத்துப் பார்த்தது. 1997 ஜூலை 2-ம் தேதி கைவிட்டது. ஜனவரிக்குள் டாலர் 50 பாட்டைத் தாண்ட, வாங்கிய கடன் உட்கார்ந்த இடத்திலேயே இரட்டிப்பானது. முடக்கப்பட்ட 58 ஃபைனான்ஸ் கம்பெனிகளில் 56 திரும்பத் திறக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுத்த வெளிநாட்டு வங்கிகளைப் பற்றித் தம்பி ஒரு வார்த்தை சொன்னாரா?

அதே நெருக்கடியில் சிக்கிய தென் கொரியாவில் 1998 தொடக்கத்தில் ஜனங்கள் வரிசையில் நின்று கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்கள், நாட்டுக் கடனை அடைக்க. 200 டன்னுக்கு மேல் தங்கம். இவர்களுக்கா சேமிப்புப் பாடம்?

எனக்கேன் இவ்வளவு கோபம்? அப்பா அப்போது சாக்கிநாக்காவில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். நெசவு இயந்திர உதிரிபாகங்கள், பெரும்பாலும் இந்தோனேஷியாவுக்கு. அவர்கள் நாணயத்தில் 2,400 ரூபியாவாக இருந்த டாலர் பத்தாயிரத்தைத் தாண்டியதும் ஆர்டர் நின்றது. 'ஜகார்த்தா' என்று கறுப்பு மையில் எழுதி ஆணியடித்த மரப்பெட்டிகள் ஷட்டருக்குப் பின்னால் மாதக்கணக்கில் கிடந்தன. அப்புறம் வேலையும் போயிற்று. எங்கள் சால் குடியிருப்புக்கு வந்த சொந்தங்கள் சொன்ன ஆறுதல்: "சம்பாதிக்கும்போதே நாலு காசு சேர்த்திருக்கணும்." சீட்டும் எல்.ஐ.சி.யும் தவறாமல் கட்டி, வெளியே ஒரு டீ குடிக்கக்கூட யோசிக்கிற மனுஷனிடம்! சொன்னவர்களில் சித்தப்பாவும் ஒருவர்.

"ஊழலே இல்லையா?" என்று வருவீர்கள். இருந்தது. இந்தோனேஷிய அதிபர் சுகார்த்தோ குடும்பக் கதை ஊருக்கே தெரியும், 1998 மே-யில் மனிதர் பதவியும் இழந்தார். சரி, அடுத்தது. "மலேசியப் பிரதமர் மகாதிர் அன்று சொன்ன மாதிரி, நாணயச் சூதாடி ஜார்ஜ் சோரஸ்தான் காரணம்." ஊக வணிகர்கள் விரிசல் இருக்கிற சுவரில்தான் கை வைப்பார்கள்.

"இந்தியா தப்பித்தது நம் வீட்டுச் சிக்கனத்தால்." இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பணம் இஷ்டத்துக்கு உள்ளே வந்து வெளியே போக முடியாதபடி நம்மிடம் கட்டுப்பாடு இருந்தது ஐயா! அதையும் 2000-க்குள் தளர்த்திவிடலாம் என்று, இதே மும்பை ரிசர்வ் வங்கி தாராப்பூர் என்பவர் தலைமையில் அமைத்த குழு 1997 மே கடைசியில் அறிக்கை கொடுத்தது. நிபந்தனைகளோடுதான், இல்லை என்று சொல்லவில்லை. அடுத்த ஐந்து வாரத்துக்குள் பாட் விழுந்ததால் அறிக்கை அப்படியே கிடப்பில் போனது. இதில் நம் வீட்டு அஞ்சறைப்பெட்டிக் காசு எங்கே வந்தது?

சின்னப் பையனிடம் இவ்வளவு காட்டமா என்று ஓர் அக்கா இன்பாக்ஸில் கேட்டார். அக்கா, சிக்கனம் போதித்த கையோடு அவர் வெளிநாட்டு ஃபண்டுக்குப் படிவம் விநியோகித்ததைப் பார்த்தீர்களா?

கூட்டத்திலேயே கேட்டிருக்கலாமே என்கிறார்கள். கையைத் தூக்கினேன். ரவா கேசரி ஆறிவிடும் என்று மைக்கை அணைத்துவிட்டார்கள்.