பொங்கல் அன்று ஒன்பதாவது சுற்று

இந்த ஆண்டு பொங்கல் அன்று காலை ஒன்பதரை மணிக்கு, நானும் என் மகளும் ஊரிலிருந்து வெகு தொலைவில் ஒரு கல்லூரி அரங்கில் இருந்தோம். ஐந்து நாள் சதுரங்க ரேட்டிங் போட்டியின் (ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண்ணான ரேட்டிங்குக்குச் சேரும் போட்டி) ஒன்பதாவது சுற்று அன்றுதான் வைக்கப்பட்டிருந்தது. எட்டுச் சுற்றுகளில் ஆறு புள்ளிகள் எடுத்திருந்த மகள், முந்தைய இரவு வெகுநேரம் எதிராளியின் பழைய ஆட்டங்களைப் பார்த்துத் தயாராகியிருந்தாள். கடிகாரத்தை அழுத்தி, குறிப்புத் தாளில் பெயரை எழுதிவிட்டு உட்கார்ந்தவளுக்கு எதிரே யாரும் வரவில்லை. அந்தப் பையன் போகி இரவே பெற்றோருடன் ஊருக்குப் பேருந்து ஏறிவிட்டான் என்று பிறகு தெரிந்தது. நடுவர் விதிப்படி காத்திருந்து அவளுக்கு ஒரு புள்ளி எழுதினார். அதே நேரத்தில் புதுக்கோட்டைப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் அழைத்து, "பால் பொங்கிருச்சுப்பா, புள்ள எங்க?" என்று கேட்டார். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

விளையாடாமல் கிடைக்கும் புள்ளி ரேட்டிங்குக்குச் சேராது. ஐந்து நாள் தங்கிச் செலவு செய்து, பொங்கலையும் விட்டுக்கொடுத்துப் பெற்ற அந்தக் கடைசிச் சுற்று, சதுரங்கக் கணக்கில் நடக்காத ஒன்றாகவே ஆகிவிட்டது. அவள் ஒருத்திக்கு மட்டுமல்ல, அந்த அரங்கில் பல மேசைகளில் ஒரு பக்க நாற்காலி காலியாக இருந்தது. யாரும் வெளியேற்றப்படாமல், ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருப்பவர்கள் மோதும் சுவிஸ் முறையில் கடைசிச் சுற்றுதான் பரிசுகளைத் தீர்மானிக்கிறது; அந்தச் சுற்றிலேயே இத்தனை பேர் விலகினால், சமப் புள்ளியில் நிற்பவர்களைப் பிரிக்கும் டைபிரேக் கணக்கும் பலகையில் நடந்ததை விட்டுவிட்டு, ஆடப்படாத ஆட்டங்களுக்கான விதிகளை நம்பி நிற்க வேண்டியதாகிறது. ஆகவே பண்டிகை நாளில் சுற்று வைப்பதை ஒரு குடும்பத்தின் மனக்குறை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. போட்டியின் தரமே அதனால் கெடுகிறது.

குளிர்காலத்தில் போட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மார்கழிதான் நம் மாநிலத்தில் மாவட்ட, மண்டல அளவிலான சதுரங்கப் போட்டிகளுக்கு இயல்பான பருவம் என்பது என் உறுதியான எண்ணம். அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். மே மாதத்தில் மின்விசிறிக்குக் கீழேயும் வியர்த்துக்கொண்டு ஆடும் குழந்தைக்கு டிசம்பர் இறுதி பெரிய ஆறுதல். இவற்றைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: மார்கழியில் முகூர்த்தம் இல்லை. இருநூறு பலகைகள் போடக்கூடிய கல்யாண மண்டபங்கள் அந்த மாதம் குறைந்த வாடகைக்குக் கிடைக்கின்றன. தை பிறந்துவிட்டால் கல்யாணக்காரர்களோடு சதுரங்க அமைப்பாளர்கள் போட்டி போட முடியாது. விடுமுறைக்கும் மண்டபத்துக்கும் நடுவர்களின் ஓய்வு நாட்களுக்கும் நடுவே அமைப்பாளர்கள் தேதியைத் தேடி அலைவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பண்டிகையை ஒட்டி வைப்பது வேறு, பண்டிகையின் மேலேயே வைப்பது வேறு.

இந்த வேறுபாட்டை ஐரோப்பியர்கள் நீண்ட காலமாக அறிந்து வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் கடற்கரை நகரத்தின் கிறிஸ்துமஸ் காலப் போட்டி 1920-21 முதல், இடையில் சில ஆண்டுகள் தவிர, நடந்துவருகிறது. பஞ்சாபிலிருந்து சென்ற மீர் சுல்தான் கான் 1930-31இல் முன்னாள் உலகச் சாம்பியன் காபபிளாங்காவை வீழ்த்தியது அங்கேதான். இப்போது அது வழக்கமாக டிசம்பர் 28 வாக்கில் தொடங்கி ஜனவரி முதல் வாரத்தில் முடிகிறது. ஸ்டாக்ஹோமின் ரில்டன் கோப்பை டிசம்பர் 27இல் தொடங்கி ஜனவரி 5இல் முடியும். மறுநாள் 6ஆம் தேதி அங்கே பண்டிகை விடுமுறை. 22 வயது ஆனந்த், அப்போதைய உலகச் சாம்பியன் காஸ்பரோவும் முன்னாள் சாம்பியன் கார்ப்போவும் ஆடிய களத்தில் 1991-92இல் முதலிடம் பெற்ற இத்தாலியின் ரெஜியோ எமிலியா போட்டியும் புத்தாண்டை ஒட்டி நடந்ததுதான். கிறிஸ்துமஸை வீட்டில் கொண்டாடிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம். பண்டிகை கொடுத்த விடுமுறையில் போட்டி நடக்கிறது, பண்டிகை நாளோ வீட்டாருக்கே மிஞ்சுகிறது.

இதைச் சொன்னால், "பிரக்ஞானந்தாவும் குகேஷும் பொங்கலா பார்க்கிறார்கள்?" என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான். 2024ஆம் ஆண்டு ஜனவரி 16, நம் ஊரில் மாட்டுப் பொங்கல். அன்றைக்குத்தான் நெதர்லாந்தின் வெய்க் ஆன் ஸே ஊரில் நடந்த போட்டியில் பிரக்ஞானந்தா கறுப்புக் காய்களுடன் அப்போதைய உலகச் சாம்பியன் டிங் லிரேனை வென்றார். ஆனால் அது உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் 14 பேரை அழைத்து நடத்தும் களம்; அவர்களுக்கு அது தொழில். அங்கேகூட 13 சுற்றுகளை 16 நாட்களில் நிதானமாகப் பரப்பி, நடுவே மூன்று ஓய்வு நாட்கள் விடுகிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு சுற்று வீதம் ஆடும் ஒன்பது வயதுக் குழந்தையிடம், முதல் ரேட்டிங்கூட வருவதற்கு முன்பே பண்டிகையைத் தியாகம் செய்யச் சொல்வதற்கு இந்த உதாரணம் பொருந்தாது. அந்தக் குழந்தை சதுரங்கத்தை விரும்பிக்கொண்டே வளர வேண்டும் என்பதுதான் இந்த வயதில் நமக்கு இருக்க வேண்டிய ஒரே கவலை.

பொங்கலைப் பற்றி மட்டும் பேசுவதும் நியாயமாகாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் டிசம்பர் 25 காலை நடந்த சுற்றில் என் மகளோடு ஆடிய சிறுமி, நள்ளிரவுத் திருப்பலியில் பாடிவிட்டு நேராக வந்திருந்தாள். பன்னிரண்டாவது நகர்த்தலிலேயே குதிரையைச் சும்மா கொடுத்துவிட்டு, கண்களைத் தேய்த்துக்கொண்டாள். என் மகள் வென்றாள். திரும்பும் வழியில் ஏனோ அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கோயில் திருவிழாக்களையும் அமைப்பாளர்கள் கணக்கில் எடுக்க வேண்டும். வைகுண்ட ஏகாதசியை ஒட்டி திருச்சியில் போட்டி வைத்தால், ஸ்ரீரங்கத்துக்கு வரும் கூட்டத்தில் வெளியூர்ப் பெற்றோருக்கு விடுதி அறை கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதைத் திருச்சியில் குடியிருக்கும் நான் நன்றாக அறிவேன்.

என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. ஜனவரிப் போட்டிகள் போகிக்கு முந்தைய நாள் மாலைக்குள் பரிசளிப்போடு முடியட்டும். டிசம்பர் 24 மாலையும் 25 முழுவதும் சுற்று இல்லாமல் இருக்கட்டும். தவிர்க்கவே முடியாவிட்டால், முன்கூட்டிக் கேட்பவருக்கு ஒரு சுற்றில் ஆடாமலேயே அரைப்புள்ளி பெறும் 'பை' உண்டு என்று அறிவிப்பிலேயே எழுதலாம். பல நாடுகளின் ஓபன் போட்டிகளில் இது சாதாரண நடைமுறை. மற்றொன்று, அறிவிப்பு வரும் காலம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன் திறக்கிறது; பொங்கல் காலத்து இருக்கைகள் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகின்றன. மூன்று வாரத்துக்கு முன் போட்டியை அறிவித்தால், பிறகு திறக்கும் தட்கலையும் சிறப்புப் பேருந்தையும் நம்பித்தான் நாங்கள் கிளம்ப வேண்டும்.

பண்டிகை நாளிலேயே சதுரங்கம் வேண்டுமென்றால் அதற்கும் இடம் இருக்கிறது, அதுதான் என் உள்ளத்துக்கு மிகவும் நெருக்கமானது. காணும் பொங்கல் அன்று எங்கள் ஊரில் இளைஞர் மன்றம் உறியடி, கோலம், மெதுவாக சைக்கிள் ஓட்டுதல் என்று விளையாட்டுப் போட்டிகள் நடத்துகிறது. 2022இல் மாமல்லபுரம் ஒலிம்பியாடை முன்னிட்டு அரசுப் பள்ளிகளில் நடந்த சதுரங்கப் போட்டிகளில் ஆடத் தொடங்கிய பிள்ளைகள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். ஐந்து நாள் தங்கி ரேட்டிங் போட்டி ஆட அவர்கள் வீட்டில் வசதி இல்லை. கோயில் திடலில் வேப்பமரத்தடியில் பத்து மேசைகள் போட்டு, ஆளுக்குப் பத்து நிமிடம் என்று ஐந்து சுற்றுகள் வைத்தால் ஒரு முற்பகலில் முடிந்துவிடும். உறியடிக்குக் கூடும் ஊரே நின்று பார்க்கும். நுழைவுக் கட்டணம் வேண்டாம், ரேட்டிங்கும் வேண்டாம். எவர்சில்வர் பாத்திரம் பரிசு போதும்.

மன்றத்தில் பேசிவிட்டேன், வரும் காணும் பொங்கலுக்குச் சம்மதம் சொல்லியிருக்கிறார்கள். பலகைகளும் காய்களும் சேர்ந்துவிட்டன. பத்து டிஜிட்டல் கடிகாரங்களில் என்னிடம் இருப்பவை மூன்று. புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்தில் இதைப் படிக்கும் பயிற்சியாளர்களோ பெற்றோர்களோ ஒரு நாளைக்குக் கடன் கொடுக்க முடிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொண்டு, மறுநாள் காலையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.