பூட்டு போட்ட அக்காவைத் திட்டி முடிச்சாச்சா?

இந்த வாரம் முழுக்க ஃபோனைத் திறந்தா நம்ம இலங்கை மலையகத்து ஹட்டன் வீடியோதான். எல்லாரும் பாத்துட்டீங்க, ஷேரும் பண்ணிட்டீங்க, அதனால கதை சொல்ல வரல. வீட்டுக்கார அக்கா ரூமுக்குப் பூட்டு போட்டாங்க, அங்க வாடகைக்கு இருந்த தம்பி பேக்கோட வாசல்ல நின்னு லைவ் போட்டாரு, நம்ம சனம் கமெண்ட்ல கூடி அக்காவுக்கு "ரத்தம் உறிஞ்சி"ன்னு பட்டம் குடுத்து முடிச்சிட்டீங்க. ரொம்ப நல்லது. நாலு மாச வாடகை தரலன்னு அதே வீடியோல அக்கா கத்துறது நல்லாவே கேக்குது, அது மட்டும் ஒருத்தர் காதுலயும் விழல போல.

அக்கா பண்ணது சரின்னு நான் சொல்லல. தப்பு. சட்டப்படி பெரிய தப்பு. வாடகைக்கு இருக்கிற ஆளை வெளிய விட்டு பூட்டு போட்டா, கரண்டை வெட்டுனா, சாமானைத் தூக்கி வெளிய வச்சா, அவரு நேரா பொலிசுக்குப் போவாரு, பொலிஸ் 66ஆம் பிரிவுல பிரைமரி கோர்ட்டுல போடும். பிரைமரி கோர்ட்டு நடைமுறைக்குன்னு 1979ல வந்த சட்டம் அது. வீடு யார் பேர்ல இருக்குன்னு கோர்ட் அங்க தேடாது, யாரு குடியிருந்தா, ரெண்டு மாசத்துக்குள்ள யாரை பலவந்தமா வெளியேத்துனாங்கன்னுதான் பாக்கும். வெளியேத்துனது உண்மைன்னா திரும்ப உள்ள விடச் சொல்லும். வாடகைப் பாக்கி அப்படியே நிக்கும், மேல லோயர் செலவு வேற. அதனால வீட்டுக்கார அக்காமாரே அண்ணன்மாரே, எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் பூட்டைத் தொடாதீங்க.

ஆனா அந்த அக்கா ஏன் பூட்டைத் தூக்குனாங்க? கையில வேற ஒண்ணும் இல்ல. எழுத்து இல்ல. "நம்ம ஊருப் பொடியன், நல்ல குடும்பம்"னு சொல்லி சாவியைக் குடுத்திருப்பாங்க. நான் வருஷக்கணக்கா கத்துறது இதைத்தான், எழுதுங்க, எழுதாம சாவி குடுக்காதீங்க.

எழுதுறதுன்னா கடையில முத்திரை வாங்கி ஒட்டி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுற அந்தப் பேப்பரைச் சொல்லல. ஒரு மாசத்துக்கு மேற்பட்ட குத்தகைன்னா நொத்தாரிசு, அதான் உறுதி எழுதுற லோயர் முன்னாடி, ரெண்டு சாட்சியோட எழுதுனாத்தான் செல்லும். இது 1840ல வெள்ளைக்காரன் போட்ட சட்டம், இன்னைக்கும் அதுதான். தேயிலை வர்றதுக்கு முன்னாடி, கோப்பிக் காலத்துல வந்த சட்டம் நம்ம சனத்துக்கு இன்னும் போய்ச் சேரல. 2023ல வேற, குத்தகை முடிஞ்சும் எழும்பாத ஆள்கிட்ட இருந்து இடத்தைத் திருப்பி எடுக்கிறதுக்குன்னே தனியா ஒரு சட்டம் வந்திருக்கு, அந்த வருஷத்து 1ஆம் இலக்கச் சட்டம். ஆனா அதைப் பிடிச்சு கோர்ட்டு ஏறவும் கையில எழுத்து வேணும்ல? நொத்தாரிசுக்குக் குடுக்கிற காசு வீண்னு சொல்றவங்க ஒரு தடவை வாடகை வழக்கு பேசுற லோயர்கிட்ட ஃபீஸ் எவ்வளவுன்னு விசாரிச்சுப் பாருங்க.

என் கதைக்கு வர்றேன். டிக்கோயாப் பக்கம் எங்க வீட்டு மேல்மாடி அம்மாவோட ஈபிஎஃப் (சேமலாப நிதி) காசுல ஆரம்பிச்சது. கொழுந்து பறிச்ச காசு. பத்தாம நான் பேங்குல லோன் எடுத்து முடிச்சேன். அதுல ஒரு குடும்பம் இருந்தாங்க, நல்ல சனம், குறை சொல்ல மாட்டேன். போற அன்னைக்கு அலுமாரியை நகத்துனா பின்னால சுவர் முழுக்க கறுப்பா பூஞ்சணம், பெயிண்ட் தோலு மாதிரி உரிஞ்சு தொங்குது. ஜூன் ஜூலை மழையில ஜன்னலை இறுக்கி மூடி உள்ள கொடி கட்டி உடுப்புக் காயப்போட்டா வேற என்ன வரும்? அட்வான்ஸ்ல கழிக்கிறேன்னு சொன்னதும் அந்த அண்ணன், "இது முந்தியே இருந்தது டீச்சர்"னாரு. நான் சத்தம் போடல. வீடு குடுத்த அன்னைக்கு அறை அறையா எடுத்த ஃபோட்டோ, ரெண்டு பேரும் ஒப்பம் வச்ச பேப்பர், அதுல சுவர், கதவு, பல்ப், குழாய், கரண்ட் மீட்டர் நம்பர் எல்லாம் இருந்தது. எடுத்து நீட்டுனேன். பேசாம ஒத்துக்கிட்டாரு. இன்னைக்கும் டவுன்ல கண்டா "டீச்சர் சுகமா"ன்னு கேப்பாரு. எழுத்து இல்லேன்னா அன்னைக்கு ரெண்டு பேரும் ரோட்டுல நின்னு கத்தியிருப்போம், யாராவது லைவும் போட்டிருப்பீங்க.

கரண்டும் அப்படித்தான். "வாடகையோட கரண்ட் சேத்து"ன்னு மட்டும் பேசிடாதீங்க. ஒரே மீட்டர்ல நாலு ரூம் ஓடினா, ஆளுக்கு 50 யூனிட்தான்னாலும் மொத்தம் 200. 60ஐத் தாண்டுனா முதல் யூனிட்ல இருந்தே வேற விலை, 180க்கு மேல போனா சொல்லவே வேணாம். 2022 ஆகஸ்ட்ல 75 வீதம், 2023 பெப்ரவரில 66 வீதம்னு கட்டணம் ஏறுனப்போ போர்டிங் வச்சிருந்தவங்க பட்ட பாடு அவங்களுக்குத்தான் தெரியும். இந்தக் குளிருக்கு பொடியங்க குளிக்கிறதுக்கு கெட்டில்ல தண்ணி சுட வைப்பாங்க, வைக்காதன்னு சொல்ல முடியுமா? ஒவ்வொரு ரூமுக்கும் சப் மீட்டர் போடுங்க, மாசக் கடைசில ரெண்டு பேரும் நின்னு பாத்து எழுதுங்க.

இப்போ வருவீங்க, தெரியும். "வாடகை வாங்கி கோடிக்கணக்குல சம்பாதிக்கிறீங்கதானே". அடேங்கப்பா. 45 லட்சம் போட்டுக் கட்டுன மாடிக்கு மாசம் 18,000 வந்தா வருஷத்துக்கு 2,16,000, அஞ்சு வீதம் கூட இல்ல. அதுல ஒரு மாசம் காலியா கிடக்கும், நகரசபைக்கோ பிரதேச சபைக்கோ கட்டுற சோலைவரி, பெயிண்ட், ஒழுகுற கூரைச் சீட்டு, அடைச்ச பைப்பு. 2022 கடைசில அதே காசை பேங்குல எஃப்டில (நிலையான வைப்புல) போட்டவன் 20 வீதத்துக்கு மேல வாங்கிட்டு கால் மேல கால் போட்டு உக்காந்திருந்தான். வெளிநாட்டுல உழைச்ச காசுல மாடி கட்டி வாடகைக்கு விடலாம்னு இன்பாக்ஸ்ல கேக்கிற தங்கச்சிமாருக்கும் சேத்துத்தான் சொல்றேன், பத்து மாச வாடகைதான் வரும்னு வச்சு கணக்குப் பாருங்க, அப்பவும் லோன் கட்ட முடியும்னா கட்டுங்க.

"ஒரு வருஷ அட்வான்ஸ் கேக்கிறாங்களே"ன்னா, கேக்கிறவங்ககிட்ட போகாதீங்க. நான் கேக்கிறதில்ல.

"தோட்டத்து ஆளுன்னா வீடு தர மாட்டேங்கிறாங்க"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. ஆமா, இருக்காங்க, நம்ம ஆட்களே இருக்காங்க, எனக்கும் தெரியும். நான் கொழும்புல படிக்கிறப்போ வெள்ளவத்தைல ஒரு வீட்டுல எந்த ஊருன்னு கேட்டு, சொன்னதும் "ரூம் இப்பதான் போச்சு"ன்னாங்க. "ரூம் வாடகைக்கு"ங்கிற போர்ட் அடுத்த கிழமையும் அப்படியே தொங்குச்சு. அதனால அந்த வலியை எனக்குப் புதுசா சொல்லித் தர வேணாம். ஆனா அதுக்கும் நாலு மாசம் வாடகை தராததுக்கும் என்ன சம்பந்தம்?

"பாவம், வேலை போச்சு"ன்னு சொல்றீங்க. போயிருக்கலாம். வந்து சொல்லியிருக்கலாமே. என் வீட்டுல இருந்த ஒரு பிள்ளை, கொரோனா நேரம் சம்பளம் வரலன்னு அழுதுச்சு, பாதி குடு மிச்சத்தைப் பிறகு பாப்போம்னு சொன்னேன். அதையும் எழுதித்தான் வச்சோம். ஈவு இரக்கம் இருக்கிறவங்கதான் முதல்ல எழுதணும், இல்லேன்னா அந்த இரக்கத்தையே பிறகு "டீச்சர் சும்மா இருக்கச் சொன்னாங்க"ன்னு மாத்திடுவாங்க.

உண்மையைச் சொன்னா எனக்கு வலிக்கிறது "முதலாளி"ங்கிற அந்தச் சொல்லுதான். யாரைச் சொல்றீங்க? தோட்டத்து வரிசை வீட்டுல 10க்கு 12 அடி லயக் காம்பராவுல மூணு தலைமுறை படுத்து எழும்புன சனம் நாங்க. எங்க தாத்தா பிறந்து, உழைச்சு, செத்த அந்தக் காம்பராவுக்கு ஒரு துண்டுப் பேப்பர் அவர் பேர்ல இல்ல. பின்னால ஒரு குசினி இறக்கணும்னா தோட்டத்து மேனேஜர் தொரைகிட்ட கேக்கணும். 1948ல குடியுரிமையே இல்லேன்னுட்டாங்க, 2003 வரைக்கும் இழுத்துத்தான் மிச்சம் இருந்தவங்களுக்கும் கிடைச்சது. காணி உறுதி இன்னும் தோட்டத்துல எத்தனை பேருக்கு இருக்கு? நம்ம சனம் இந்தியாவுல இருந்து மலைக்கு வந்து 200 வருஷம்னு 2023ல "மலையகம் 200"ன்னு நடந்தோம், பேசுனோம், ஃபோட்டோ போட்டோம், காணி வேணும் வீடு வேணும்னு கத்துனோம். அப்படி ஒருத்தி கஷ்டப்பட்டு எட்டு பேர்ச்சஸ் காணி வாங்கி வீடு கட்டி, மேல ரெண்டு ரூமை வாடகைக்கு விட்டா உடனே அவ சுரண்டல்காரி. தோட்டக் கம்பெனிக்காரன் நம்ம தலைக்கு மேல உள்ள தகரத்தை மாத்தித் தரலன்னா ஒரு ஸ்டேட்டஸ், அதுவும் மே தினத்துல. ஹட்டன்ல ஒரு அக்கா கத்துனா ஆயிரம் ஷேர்.

கையில எழுத்து இல்லாம இருந்தா என்ன ஆகும்னு நம்மளை விட யாருக்கு நல்லாத் தெரியும்? வாடகைக்கு இருக்கிறவங்களுக்கும்தான் சொல்றேன், நீங்களும் எழுதச் சொல்லிக் கேளுங்க. நுவரெலியாவுல ஏப்ரல் சீசன் வந்ததும் ரூமை டூர் வந்து இறங்கிறவங்களுக்கு விடணும்னு டீச்சர்மாரை எழும்பச் சொல்றாங்கல்ல, அக்ரிமென்ட்ல டிசம்பர் வரைக்கும்னு இருந்தா அப்படிச் சொல்ல முடியுமா? வாடகையை பேங்குல போடுங்க, இல்ல ரசீது கேளுங்க. ரசீது தராத வீட்டுக்காரர்கிட்ட இருக்காதீங்க. இதைச் சொன்னா வீட்டுக்காரங்க பக்கத்துல இருந்து எனக்குத் திட்டு விழும், விழட்டும்.

கமெண்ட்ல சண்டைக்கு வர்றவங்க வாங்க, ஆனா நாலு மாசம் வாடகை வராம லோன் கட்டிப் பாத்துட்டு வாங்க. அப்புறம், எங்க மேல்மாடில முன் ரூம் அடுத்த மாசம் காலியாகுது. ரெண்டு பேர் தாராளமா இருக்கலாம், சப் மீட்டர் இருக்கு, உடுப்புக் காயப்போட பின்னால தனியா சீட்டு இறக்கியிருக்கோம். நொத்தாரிசு செலவு பாதிப் பாதி. வேணுங்கிறவங்க இன்பாக்ஸ்ல வாங்க, "நம்ம ஊர் ஆளுதானே டீச்சர், எதுக்கு எழுத்தெல்லாம்"னு மட்டும் ஆரம்பிக்காதீங்க.