பெரெட்டா எம்9: ஸ்லைடு கதை பாதிதான் உண்மை

பெரெட்டா எம்9-ங்கிறது அமெரிக்க ராணுவம் ரொம்ப நாள் வச்சிருந்த 9 எம்எம் கைத்துப்பாக்கி. அத பத்தி ஒருத்தர் "எம்9 சுட்டா ஸ்லைடு (சுடும்போது பின்னாடி போய் வர்ற மேல்பாகம்) உடைஞ்சு மூஞ்சில அடிக்கும், அதனாலதான் அமெரிக்க ராணுவம் அத கடாசிட்டாங்க"ன்னு அடிச்சு விட்டிருக்காரு. உடைஞ்சது நெசந்தான், ஆனா அது 1987-88 சமாச்சாரம், கடற்படை சீல் ஆளுங்க கையில சிலது போச்சு, லேப் டெஸ்ட்லயும் போச்சு, குத்தம் ஸ்லைடு இரும்புலயா ஓவர் பிரஷர் தோட்டாலயான்னு அப்பவே பெரிய சண்டை. அதுக்கப்புறம் வந்த 92எஃப்எஸ்ங்கிற திருத்துன மாடல்ல ஹேமர் பின்னோட (ஹேமர், அதாவது சுத்தியல், மாட்டியிருக்கிற ஊசி) தலைய பெருசாக்கிட்டாங்க, ஸ்லைடு ரெண்டா போனாலும் பின்பாதி அதுல மாட்டி நின்னுரும், மூஞ்சிக்கு வராது. எம்9-க்கு பதிலா சிக் பி320 துப்பாக்கி செலக்ட் ஆனது 2017-ல. அந்த பிரச்சனைக்காகத்தான் மாத்துனாங்கன்னா கிட்டத்தட்ட 30 வருஷம் என்ன பண்ணிட்டு இருந்தாங்களாம்?

பிடிக்காதவங்க சொல்ற காரணமே வேற. கிரிப் தடி, சின்ன கைக்காரங்களுக்கு ட்ரிகர் எட்டவே எட்டாது, அதுலயும் முதல் ஷாட் டபுள் ஆக்ஷன் (ட்ரிகரே ஹேமர பின்னாடி இழுத்து விடணும்), இழுக்க அவ்ளோ கனம், ரெண்டாவதுல இருந்து திடீர்னு லேசாயிடும், அந்த மாத்தம் பழகவே நாளாகும். சேஃப்டி வேற ஸ்லைடு மேலயே இருக்கு, ஸ்லைட பிடிச்சு இழுக்குறப்போ தெரியாம கீழ தட்டிட்டா அவ்ளோதான், ட்ரிகர் இழுத்தா ஒண்ணும் நடக்காது (இத டிசைன் பண்ணவர் கையுறை போட்டு ட்ரை பண்ணியிருக்கவே மாட்டாரு). ஈராக்ல மணல் புகுந்து திணறுனதுக்கும் பெரும்பாலும் மேகசின் (தோட்டா அடுக்குற பெட்டி) கோட்டிங்தான் காரணம்.

பிடிச்சவங்களுக்கு அந்த வெயிட்டேதாங்க ப்ளஸ், கிட்டத்தட்ட ஒரு கிலோ, பேரல் (குழல்) வேற மேல கீழ சாயாம நேரா பின்னாடி வர்றதால 9 எம்எம் உதை ரொம்ப சாஃப்ட்டா இருக்கும்.