மீன் பிடிக்கிற காம்போ செட்டாம், காம்போ செட்டு!

ராடு, நரம்பு சுத்துற ரீல், நரம்பு, லூருங்கிற போலி இரை எல்லாம் ஒரே டப்பாவுல போட்டு விக்கிறாங்களே, அதை யாருக்காகத்தான்யா கட்டுறாங்க? ஆகாயத்தாமரை மண்டிக்கிடக்கிற வண்டியூர் கண்மாயில விரால் பிடிக்கணும். டப்பாவுல இருக்கிறதோ இழுத்து நீட்டுற ஆறடி ராடு. விரால் கடிச்சதும் சுண்டினா ராடு வளையுது, வளையுது, வளைஞ்சுக்கிட்டே இருக்கு. தூண்டில் முள்ளு மட்டும் அந்த எலும்புத் தாடையில ஏறாது. ஏழடியில விறைப்பான மீடியம் ஹெவி ராடுன்னு ஒண்ணு இருக்கிறது இவங்க காதுல விழவே இல்லையா?

ரீல்ல நைலான் நரம்பை விளிம்பு வரைக்கும் பொங்கப் பொங்கச் சுத்தியிருப்பாங்க. ரெண்டு மி.மீ. கீழ விட்டா என்ன, சொத்தா போயிரும்? முதல் வீச்சுலயே நரம்பு சிக்கிக் குருவிக்கூடு! சரி, 40 பவுண்டு தாங்குற பிரெய்டு, அதாவது பின்னின நரம்பு மாத்தலாம்னா, அதை ரீலோட வெறும் ஸ்பூல்ல நேராக் கட்டிக் குடுப்பாங்க. அடியில கொஞ்சம் நைலான் சுத்தாட்டி பிரெய்டு மொத்தமா வழுக்கும். நரம்பு ஓடுறதைப் பிடிச்சு நிறுத்துற டிராக்கை எவ்வளவு இறுக்கினாலும் மீனு பாட்டுக்கு இழுத்துட்டுப் போகும். உடனே கடைக்காரங்க, "டிராக் போச்சு சார், புது ரீல் வாங்குங்க."

தவளை லூர் இன்னும் மோசம். விரலால அமுக்கினா ரெண்டு முள்ளும் வெளிய வரணும். இது செங்கல்லு மாதிரி இருக்கு. கூடவே மூணு முள்ளு ஸ்பூன் லூர் ஒண்ணு இனாம், ஒவ்வொரு வீச்சுக்கும் பாசி அள்ள. டப்பா மேல மட்டும் கடல்ல துள்ளுற மார்லின் படம். வைகை அணையில மார்லினா மாட்டுது?