அந்த 11 பேரும் 9-ஆம் வகுப்புதான்

திங்கட்கிழமை என் மகள் படிக்கும் பள்ளியின் இணையப் பக்கத்தில் வெளியான அந்தப் புகைப்படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் கீழே நான் எழுதிய இரண்டு வரிகளுக்கு வந்த பதில்களையும் படித்திருப்பீர்கள். "அண்ணாச்சி, நல்ல காரியத்தில் குற்றம் பார்க்காதீர்கள்" என்று என்னோடு படித்தவர்களே எழுதியிருந்ததால், சொல்ல வந்ததை இங்கே முழுவதுமாக எழுதுகிறேன்.

குற்றாலத்து மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு சாகசப் பயிற்சி முகாமுக்கு, வகுப்பில் ஒற்றுமையை வளர்ப்பதற்கென்று, 9-ஆம் வகுப்புப் பிள்ளைகளை ஒருநாள் அழைத்துச் சென்றார்கள். தலைக்கு 1,450 ரூபாய். வகுப்பில் 62 பேர், சென்றவர்கள் 51 பேர். மீதி 11 பேரும் அன்று முழுவதும் பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து புத்தகங்களுக்கு அட்டை போட்டிருக்கிறார்கள். திங்களன்று, முகாமில் கொடுத்த நீல டி-ஷர்ட்டை அணிந்த 51 பேரை மட்டும் மைதானத்தில் நிறுத்திப் படமெடுத்து, "ஒரே வகுப்பு, ஒரே குடும்பம்" என்று போட்டார்கள். பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கும் வேற்றுமை தெரியக்கூடாது என்றுதானே சீருடை வைத்திருக்கிறோம்? அன்று சீருடையில் இருந்தவர்கள் அந்த 11 பேர்தாம். அவர்கள் வகுப்பில் சேர்த்தி இல்லையா என்பதுதான் நான் கேட்ட கேள்வி.

பயிற்சியை நான் எதிர்க்கவில்லை. என் மகள் அன்று இரவு சாப்பாட்டைக்கூட மறந்து அதைப் பற்றியே பேசினாள். ஒருவர் சுவரில் ஏறும்போது, பயிற்சியாளரின் மேற்பார்வையில் கீழே நிற்கும் மாணவர்கள் பாதுகாப்புக் கயிற்றின் தளர்வை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம்; இல்லையென்றால் ஏறுகிறவரின் பிடி நழுவும்போது விழும் தூரம் கூடிவிடும். காலி டிரம்களையும் மூங்கில்களையும் கட்டி மிதவை செய்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு அவள் பின்பக்கமாகச் சாய, எட்டுப் பேர் கைகோத்து ஏந்தியிருக்கிறார்கள். யார் யார் ஏந்தினார்கள் என்று கேட்டேன். பெயர்களை உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தவளிடம், தினமும் உன் பக்கத்தில் உட்காருகிறவள் எங்கே என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவ வரலப்பா, அவங்க வீட்ல ரூவா இல்லையாம்" என்றாள்.

இது நம் மாவட்டம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு பள்ளியில் படித்த பிள்ளைகள். அதன் பிறகு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிற்றைக் கையில் கட்டி வருவதைத் தடுக்கச் சொன்னது. கையில் கட்டும் கயிற்றின் நிறத்தால் பிள்ளைகள் பிரிந்து நிற்கிற ஊரில், ஒருவர் உயிரைக் காக்கும் கயிற்றை இன்னொருவர் பிடித்து நிற்கப் பழக்கும் பயிற்சி எவ்வளவு அவசியம்! அதனால்தான் எனக்கு இவ்வளவு வருத்தம். வேறு எந்த ஊரையும்விட நமக்கு வேண்டிய பயிற்சியில் 11 பேரை விட்டுவிட்டோம்.

"பணம் இல்லையென்றால் கேட்டிருக்கலாமே, பள்ளி கொடுத்திருக்குமே" என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். 1991-ல் நான் 9-ஆம் வகுப்பில் படித்தபோது மணிமுத்தாற்றுக்குச் சுற்றுலா போனார்கள். கட்டணம் 15 ரூபாய். அம்மா பீடி சுற்றிக் குடும்பம் நடத்திய காலம் அது. நான் அம்மாவிடமும் கேட்கவில்லை, ஆசிரியரிடமும் கேட்கவில்லை. காய்ச்சல் என்று பொய் சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டேன். திரும்பி வந்ததும் "நான் சென்ற சுற்றுலா" என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். அணையின் மதகுகளையும் அருவியின் இரைச்சலையும் நண்பன் சொல்லக் கேட்டு எழுதினேன். பத்துக்கு எட்டு மதிப்பெண் போட்டு, நன்றாகக் கவனித்துப் பார்த்திருக்கிறாய் என்று ஆசிரியர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு நான் உட்கார்ந்த பெஞ்சு இன்றும் என் நினைவில் இருக்கிறது. பதினான்கு வயதுப் பிள்ளை வாய் திறந்து கேட்காது. கேட்காமலேயே தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் பெரியவர்கள்.

முகாம்காரர்களுக்கும் செலவு இருக்கிறது, தரமான கயிறும் ஹெல்மெட்டும் பயிற்சியாளர்களும் இலவசமாக வருவதில்லை என்கிறீர்கள். உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கும் வழி முன்பே இருந்தது. 1907-ல் இங்கிலாந்தின் பிரௌன்சீ தீவில் பேடன் பவல் சாரணர் இயக்கத்துக்கு வித்திட்ட முகாமை நடத்தியபோது, பெரிய பள்ளிகளில் படித்த சிறுவர்களையும் உழைக்கும் குடும்பத்துச் சிறுவர்களையும் சேர்த்தே அழைத்துப் போனார். வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் கட்டணம் ஒரு பவுண்டு, அதாவது 20 ஷில்லிங். மற்றவர்களுக்கு மூன்றரை ஷில்லிங். தங்கியது ஒரே முகாமில்தான். நூறு ஆண்டுகளுக்கு முன்பே செய்த அந்தக் கணக்கை 62 பிள்ளைகளுக்கு நம்மால் போட முடியாதா? 51 வீடுகளும் கூடுதலாக 320 ரூபாய் கொடுத்திருந்தால் 11 பேரின் கட்டணமும் நிறைந்திருக்கும். எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

"உங்கள் மகளை அனுப்பிவிட்டு இப்போது பேசுகிறீர்களே" என்று ஒருவர் எழுதியிருந்தார். எல்லாப் பதில்களிலும் என்னைச் சுட்டது அதுதான். ஆமாம், அனுப்பினேன். எத்தனை பேர் வரவில்லை என்று பணம் கட்டிய அன்றே நான் கேட்டிருக்க வேண்டும். அந்த மணிமுத்தாற்றுக் கட்டுரையை எழுதிய நானே கேட்கவில்லை என்பதுதான் இரண்டு நாட்களாக என்னைத் தூங்கவிடவில்லை. அதற்காக இப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறீர்களா?

இன்று காலை தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். 62 பேரும் சேர்ந்து நிற்கும் ஒரு நாளைப் பள்ளி மைதானத்திலேயே நடத்துங்கள். அந்தப் பயிற்சியாளர்களில் ஒருவரை வரவழைக்கும் செலவும், பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடும் என் பொறுப்பு என்று எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்வதாகச் சொன்னார். நீல டி-ஷர்ட்டை மடித்துப் பீரோவில் வைத்திருக்கும் என் மகளும் அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கிறாள்.