கப்பலேறி வந்த மாப்பிள்ளை

அவர்: இதோ எதிரே நிற்கிறதே, இதுதான் பழைய கலங்கரை விளக்கம். 1836-இல் முதல்முதலாக விளக்கு ஏற்றினார்களாம். ஃபோனில் போட்டிருக்கிறான், பார்.

அந்தம்மா: எனக்கா சொல்கிறீர்கள்?

அவர்: வேறு யாருக்கு? நாலு மணி நேரம்தான் இருக்கிறது. ஒரு மணிக்குள் படகுத்துறைக்குப் போகாவிட்டால் கப்பல் போயிடும்.

அந்தம்மா: 1979-இல் அணைத்துவிட்டார்களே, அதைப் போட்டிருக்கிறானா? அப்புறம் வம்பாக்கீரப்பாளையத்தில் புதிதாக ஒன்று கட்டினார்கள். காலையில் படகில் வந்து இறங்கினோமே, அந்தப் பக்கம்தான். நீங்கள் தொப்பி பறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

அவர்: அது இதில் வரவில்லை.

(அவர் கழுத்தில் கப்பல்காரர்கள் கொடுத்த அட்டை, எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி. அந்தம்மா மடியில் ஒரு பை. அதை இறக்கி வைக்கவே இல்லை. பாண்டிச்சேரி காந்தி திடலில் எனக்குப் பக்கத்து நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை, அவர் குரல் அப்படி.)

அவர்: சரி விடு. காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற தூண்கள்...

அந்தம்மா: எட்டு. செஞ்சியிலிருந்து வந்தவை. ஆறாம் வகுப்பில் அந்த ஓரத்துத் தூணுக்குப் பின்னால்தான் என் செருப்பு தொலைந்தது. ஒரு கால் மட்டும். தேடிப் பாருங்கள், போட்டிருப்பான்.

அவர்: செஞ்சி என்று உனக்கு எப்படித் தெரியும்?

அந்தம்மா: நான் இந்த ஊர் முத்தியால்பேட்டைக்காரி. கல்யாணப் பத்திரிகையிலேயே அச்சடித்திருந்தது.

அவர்: அது தெரியும். ஆனால் இன்றைக்கு நாம் டூரிஸ்ட். டூரிஸ்ட் கண்ணால் பார்க்க வேண்டும்.

அந்தம்மா: கடலூரிலிருந்து பாண்டியைப் பார்க்கக் கப்பல்! அன்றைக்குக் கப்பலேறச் சென்னை போகும்போது பஸ் இதே ஊர் பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடம் நின்றது. அம்மாவை ஒரு எட்டு பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போகலாமா என்று கேட்டேன். என்ன சொன்னீர்கள்?

அவர்: கப்பல் போயிடும் என்றேன்.

அந்தம்மா: அந்தக் கப்பல் எங்கே போனது?

அவர்: விசாகப்பட்டினம் போய்... அப்புறம்... இங்கேதான்.

அந்தம்மா: தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்கள். அதற்கு ஜன்னல் வைத்த ரூம் போட்டு, பணம் கட்டி வந்தது நாம்தான்.

அவர்: அதனால்தானே கப்பல்காரன் டூரில் சேரவில்லை! அவன் டூருக்குத் தனிக் கட்டணம். தனியா பார்க்கலாம் என்று நான் சொல்லவும் நீயும் உடனே சரி என்றாய்.

அந்தம்மா: சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் சொன்ன ஒரு யோசனைக்கு நான் உடனே சரி சொன்னது அதற்குத்தான். நீங்கள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

அவர்: அந்தத் தனியா இல்லை. நாம் இரண்டு பேரும் தனியா.

அந்தம்மா: இரண்டு பேர் எப்படித் தனியா? தனியா என்றால் ஒற்றை ஆள். இல்லாவிட்டால் கொத்தமல்லி விதை.

அவர்: அவர்கள் பஸ்ஸில் ஏறாமல், நாமாகவே...

அந்தம்மா: நான் சரி சொன்னது இந்தத் தனியாவுக்கு இல்லை.

அவர்: இதில் ஒரு சங்கடம் வேறு இருக்கிறது. அவன் டூர் பஸ் லேட்டானால் கப்பல் காத்திருக்கும். தனியா போனவர்கள் லேட்டானால் கப்பல் போயிடும்.

அந்தம்மா: போகட்டுமே. இங்கிருந்து நம் வீட்டுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம். கப்பலில் ஏறினால் சென்னை. சென்னையில் இறங்கி பஸ். அந்த பஸ் மறுபடியும் பாண்டி வழியாகத்தான் கடலூர் போகும். அதே பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிடம் நிற்கும். நான் மறுபடியும் கேட்பேன். அன்றைக்குக் கப்பலும் இருக்காது, என்ன சொல்வீர்கள்?

அவர்: பஸ் போயிடும்.

(நிஜமாகவே சொன்னார். யோசிக்கக்கூட இல்லை. அந்தம்மா சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.)

அவர்: சரி, வெயில் ஏறுவதற்குள் மணக்குள விநாயகர் கோயிலை முடித்துவிடலாம். வாசலில் யானை லட்சுமியிடம் ஆசி வாங்கலாமாம்.

அந்தம்மா: 2022 நவம்பர் 30.

அவர்: என்ன அது?

அந்தம்மா: காலையில் நடக்கக் கூட்டிப்போனபோது தெருவில் விழுந்த யானை எழுந்திருக்கவே இல்லை. அம்மா போன் பண்ணி அழுதாள். நான் பஸ் பிடித்து வந்தேன். எங்கே பார்த்தாலும் தலை. பூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், கிட்டே போக முடியவில்லை. சாயங்காலம் நீங்கள் போன் பண்ணினீர்கள்.

அவர்: யானைக்காகவா?

அந்தம்மா: ரசப்பொடி எந்த டப்பாவில் இருக்கிறது என்று.

(கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த யானையின் தும்பிக்கை தலையில் பட்ட எவருக்கும் இந்த இடத்தில் பேச்சு வராது. நானும் இளநீரை உறிஞ்சுவதை நிறுத்தினேன், சத்தம் வந்தது.)

அவர்: அப்போ... ஆயி மண்டபம். பாரதி பூங்காவுக்குள் இருக்கிறது, நடந்தே போகலாம். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டியது.

அந்தம்மா: கதை போட்டிருக்கிறானா?

அவர்: போட்டிருக்கிறான், கேள். ஒரு ராஜா ராத்திரியில் இந்தப் பக்கம் வந்தாராம். விளக்கு எரிகிற வீடு ஒன்றைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டாராம். தேவதாசி வீடு என்று தெரிந்ததும் கோபம் வந்து இடிக்கச் சொன்னாராம். அந்த ஆயி தானே வீட்டை இடித்து, அந்த இடத்தில் குளம் வெட்டிவிட்டாளாம். பின்னால் முத்திரப்பாளையத்திலிருந்து இந்த ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது அவள் பெயரில்...

அந்தம்மா: அந்த ராஜாவாவது தப்பாக நினைத்து ஒரு வீட்டு வாசலில் ஒரு கும்பிடு போட்டான். நீங்கள் எங்கள் வீட்டை என்னவென்று நினைத்துக்கொண்டு பதினோரு வருடமாகப் படியேறவில்லை?

அவர்: அது எதற்கு இங்கே?

அந்தம்மா: வேறு எங்கே? மணிக்கூண்டிலிருந்து மூன்றாவது தெரு. இங்கிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம்.

அவர்: உன் தம்பி கல்யாணத்தில் எனக்கு அப்பளம் வைக்கவில்லை.

அந்தம்மா: இரண்டாவது பந்தி. அப்பளம் நொறுங்கிவிட்டது.

அவர்: மூன்று தடவை கேட்டேன். முழுசாக மூன்று தடவை. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் இலையில் இரண்டு இருந்தது.

அந்தம்மா: பிரெஞ்சுக்காரன் 1954-இல் இந்த ஊரை விட்டுப் போனான். அவன்கூட இவ்வளவு கோபமாகப் போகவில்லை.

அவர்: மெதுவாகப் பேசு. பக்கத்தில் ஆள் இருக்கிறார். மானம் கப்பலேறுகிறது.

அந்தம்மா: அது ஒன்றுதான் டிக்கெட் வாங்காமல் ஏறியது.

(அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டார். எனக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. இரண்டு நிமிடம் நீடித்தது.)

அந்தம்மா: கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்கக்கூடாது. உங்கள் கப்பல் அதோ நன்றாகத்தான் நிற்கிறது.

அவர்: இங்கே ஒரு கடல்பாலம் இருந்ததாமே?

அந்தம்மா: பழையது 1952 புயலில் போனது. அப்புறம் கட்டியதில் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தது. பேச்சை மாற்றுவதற்குப் பாலம் கிடைக்காது.

அவர்: சரி, பையில் என்ன? காலையிலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறாய்.

அந்தம்மா: கேக். நாலு. கப்பலில் காலைச் சாப்பாட்டில் எடுத்தது.

அவர்: ஐயோ! சாப்பாட்டு சாமான் எதையும் வெளியே கொண்டுபோகக்கூடாது என்று மைக்கில் சொன்னார்களே!

அந்தம்மா: டிஷ்யூ பேப்பரில் சுற்றி, மேலே சால்வை போட்டிருக்கிறேன். அம்மாவுக்குப் பல் இல்லை. இது மெத்தென்று இருக்கிறது. பதினோரு வருடமாக மாப்பிள்ளை வீட்டிலிருந்து என்ன போயிருக்கிறது அங்கே?

அவர்: அப்படியானால் நீ முதலிலேயே...

அந்தம்மா: 'தனியா பார்க்கலாம்' என்று நீங்கள் சொன்ன அன்றைக்கே அம்மாவுக்குப் போன் பண்ணிவிட்டேன். நான் மட்டும் வருகிறேன், அவர் ஆயி மண்டபம் பார்க்கப் போகிறார் என்று சொல்லியிருக்கிறேன். பொய் இல்லையே?

(அந்தம்மா எழுந்து கைகாட்டினார். ஆட்டோ வந்து நின்றது. முத்தியால்பேட்டை மணிக்கூண்டு என்று சொன்ன தோரணையில் ஓட்டுநர் பேரம் பேசவே இல்லை. ஊர்க்காரர்களை அவர்களுக்குத் தெரியும்.)

அவர்: எவ்வளவு கேட்கிறான்?

அந்தம்மா: கப்பல்காரன் டூரைவிடக் கம்மிதான்.

அவர்: பெட்டி எல்லாம் கப்பலில் இருக்கிறது. கப்பல் போயிடும்.

அந்தம்மா: நான் பன்னிரண்டரைக்குப் படகுத்துறையில் இருப்பேன். நீங்கள் பார்த்து வாங்க. வழி தெரியவில்லை என்றால் ஃபோனில் போட்டிருப்பான்.

(அவர் ஃபோனைப் பார்த்தார். பாரதி பூங்கா பக்கம் பார்த்தார். கடலில் நின்ற கப்பலையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். கழுத்து அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார்.)

அவர்: உங்கள் அம்மா என்ன சமைத்திருப்பார்?

அந்தம்மா: நீங்கள் வருவது தெரியாது. அதனால் நன்றாகத்தான் சமைத்திருப்பாள்.

அவர்: அப்பளம்?

அந்தம்மா: நாலாவது தடவையும் கேட்டுத்தான் பாருங்களேன். தள்ளி உட்காருங்க, கேக் நசுங்குகிறது.